பின்னமான சரோஜா

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் லேசில் போகாது. இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. இந்த வருஷம் விஜயதசமி அன்று காலை நான் போட்ட சத்தத்தில், எதிர்ப் பட்டறைக்காரர்கள் உடைக்கப் போன தேங்காயைக் கையில் பிடித்தபடியே எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் சிற்பக்கூடம். முதலாளி ஜானகிராமன் சார். அவருடைய அப்பா லாரியில் கல் ஏற்றிப் பிழைத்தவர். இவர் அந்தக் கல்லைச் சிலையாக்கி விற்கிறார். முரட்டு வேலையை இப்போது சிஎன்சி மெஷின் செய்கிறது. கம்ப்யூட்டரில் இருக்கும் உருவத்தின்படி கட்டர் கருங்கல்லைக் குடைந்து தள்ளும். முகம், மடிப்பு, நெளிவு எல்லாம் கடைசியில் ஆட்கள் உளி பிடித்து முடிப்பார்கள். உருவங்கள் அத்தனையும் இருக்கும் சர்வர் என் பொறுப்பு. என் பெயர் சிநேகா. செங்கல்பட்டிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருகிறேன்.

சர்வர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏ.சி. அறையின் மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான். இன்னொரு பெட்டி வாங்கி வேறு இடத்தில் வைக்க வேண்டும், இது எரிந்தால் எல்லாம் எரியும் என்று நான் கத்தாத மாதம் இல்லை. "பாக்கலாம்மா" என்பார் சார். அவர் அகராதியில் அதற்கு "மாட்டேன்" என்று அர்த்தம்.

நெம்மேலிப் பக்கத்து மீன் விற்கும் பெண்களின் சங்கம் ஒரு சிலை கேட்டு வந்தது. சந்தை வாசலில் வைப்பதற்கு. சார் தன் வழக்கமான மாடலைத் திரையில் காட்டினார். இடுப்பில் குடம், ஒல்லியான உடம்பு, எங்கேயோ பார்த்து ஒரு புன்னகை. ஹோட்டல்காரர்கள் ஆசையாக வாங்கிப் போகும் பொம்மை அது. சங்கத் தலைவி சரோஜா அக்கா அதை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், இவ மீனு விப்பாளா? கையில ஒரு சங்கராவ குடுத்தா மயக்கம் போட்டு வுழுந்துடுவா."

அப்போதுதான் காயத்ரி வாய் திறந்தாள். சிற்பக் கல்லூரியில் படித்துவிட்டு எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தவள். யாரோ செய்த உருவத்துக்கு மூக்கைச் சரி பண்ணுவதும், யாரோ செய்த சேலைக்கு மடிப்பு வைப்பதும்தான் அதுவரை அவளுக்குக் கிடைத்த வேலை. சொந்தமாக ஒன்று செய்கிறேன் என்று அவள் கேட்டு நான் பார்த்ததில்லை.

"நான் ஒண்ணு செஞ்சி பாக்கட்டுமா சார்?"

சார் யோசித்தார். "செய். ஆனா விஜயதசமி அன்னிக்கு மெஷின் ஓடியாவணும். உன்னுது ரெடியாவலன்னா குடத்துக்காரிதான் ஓடுவா. அப்புறம் மூஞ்ச தூக்கி வெச்சிக்கக் கூடாது."

விஜயதசமியில் தொடங்கும் வேலை விளங்கும் என்பது அவர் நம்பிக்கை. வருஷத்தின் பெரிய கல்லில் முதல் வெட்டு அன்றைக்குத்தான் விழும். நல்ல நேரம் தவறினால் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு ஊரையே திட்டுவார்.

காயத்ரி சந்தையிலேயே போய் உட்கார்ந்தாள். களிமண்ணில் அவள் செய்துகொண்டு வந்தது வேறு ஆள். கட்டை ஸ்டூலில் கால் பரப்பி உட்கார்ந்திருக்கிறாள், காலடியில் அரிவாள்மனை, ஒரு கை மேலே தூக்கியிருக்கிறது, வாய் திறந்திருக்கிறது. விலையைக் குறைத்துக் கேட்ட எவனையோ கிழித்துத் தோரணம் கட்டுகிறாள். சங்கத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள். பார்த்ததும், "ஐயே, நம்ம சரோஜாக்கா!" என்று ஒரே கூச்சல். சரோஜா அக்கா மட்டும் களிமண் உருவத்தின் எதிரே வெகுநேரம் நின்றார். பிறகு சிரித்து, "இதுவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சென்னையிலிருந்து ஓர் ஆள் வந்து அந்தக் களிமண்ணை ஸ்கேன் செய்து கொடுத்தார். அதன் பிறகு காயத்ரி கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. ஸ்கேனில் ஓட்டைகள் இருக்கும், காது பாதிதான் வந்திருக்கும், கை தனியாகத் தொங்கும். ஒவ்வொன்றாக அடைத்து, ஒட்டி, கட்டர் எந்த வழியில் போக வேண்டும் என்று கோடு போட்டு முடிக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "முடிஞ்சிச்சி சிநேகா" என்றாள். அவள் கண்ணுக்குக் கீழே மை அப்பியதுபோல் கறுத்திருந்தது.

"இரு, ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துட்றேன்" என்றேன்.

இது என் பழக்கம். எந்த வேலை முடிந்தாலும், கறுப்புத் திரையைத் திறந்து ஒற்றை வரியில் கட்டளை அடிப்பேன்: இந்தச் சேமிப்புத் தொகுதி, இந்தப் பெயர், இந்த நொடி. என்டர் தட்டி விரலை எடுப்பதற்குள் முடிந்துவிடும். ஏனென்றால் அது எதையும் நகல் எடுப்பதில்லை. இந்த நொடியில் டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறதோ அதன் மேல் இனி யாரும் எழுதக் கூடாது என்று குறித்துவைக்கிறது, அவ்வளவுதான். பிறகு எவன் வந்து எதை அழித்தாலும் அது கண்ணிலிருந்துதான் மறையும், டிஸ்க்கிலிருந்து போகாது. சார் என் முதுகுக்குப் பின்னால் நின்று இதைப் பார்க்கும்போதெல்லாம், "பட்டன் வெச்சதா ஒண்ணு இல்லியாம்மா? மந்திரம் போட்ற மாதிரி இன்னாத்தையோ தட்டினு கீற" என்பார். பட்டன் வைத்ததும் உண்டு. கண்டவனும் அமுக்குவான் என்றுதான் நான் அதைக் காட்டவில்லை.

ஆயுத பூஜை அன்று நான் வரவில்லை. என் மாமா மகளுக்கு நிச்சயதார்த்தம். நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்றாலும் பொரி கடலையில் எனக்கு எந்த மதபேதமும் கிடையாது, வருஷா வருஷம் என் பங்கு பொட்டலத்தைச் சண்டை போட்டு வாங்குகிறவள்தான். இந்த முறை மேரேஜ் ஹாலில் பிரியாணியோடு போயிற்று. அந்த ஒரு நாள் போதுமாயிருந்தது.

மறுநாள் காலை நான் வந்தபோது பட்டறை பளபளவென்று இருந்தது. உளிகளெல்லாம் வரிசையாகச் சந்தனப் பொட்டு வைத்திருந்தன. மெஷினுக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டிருந்தார்கள். அதன் மேடையில் பெரிய கருங்கல் ஏறி உட்கார்ந்திருந்தது. என் சர்வரின் ஆன் பட்டன் மேலேயே குங்குமத்தை அப்பி, முன்னால் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். ஷேர் ஆட்டோவில் சங்கத்துப் பெண்கள் வந்து இறங்கினார்கள், எல்லோரும் பட்டுப் புடவையில். சார் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, "ராகு காலத்துக்கு முன்ன முதல் வெட்டு வுழுந்துடணும்" என்று சொல்லிக்கொண்டு நடந்தார். நான் குங்குமத்தைத் துடைத்துவிட்டுப் பெட்டியை ஆன் செய்தேன்.

காயத்ரி உட்கார்ந்தாள். மெஷினுக்குக் கோப்பை அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அவள் கை மவுஸிலேயே நின்றது.

"சிநேகா, என் ஃபோல்டர காணம்."

"சரியா பாருடி."

"பாத்துட்டன். இல்ல. எதுவுமே இல்ல."

நான் பார்த்தேன். சந்தைச் சிலை என்ற ஃபோல்டர் இருந்த இடம் சுத்தமாக இருந்தது. ஸ்கேன் எடுத்தவருக்குப் போன் போட்டோம். வேலை முடிந்ததும் தன் பிரதியை அழித்துவிடுவது வழக்கம் என்றார். களிமண்ணையாவது மறுபடி ஸ்கேன் செய்யலாம் என்று காயத்ரி பின்பக்கம் ஓடினாள். மூலை காலியாக இருந்தது. களிமண் தொட்டியில் தண்ணீர் ஊற்றி ஊறப் போட்டிருந்தது.

"யாரு இத செஞ்சது?" என்று அப்போதுதான் கத்தினேன். எதிர்ப் பட்டறை வந்து நின்றது அப்போதுதான்.

சரவணகுமார் முன்னால் வந்தான். சாருக்கு அக்கா மகன், மெஷின் ஓட்டுகிறவன். கெட்டவன் இல்லை. காயத்ரியின் களிமண்ணைப் பெண்கள் பார்த்த சமயத்தில் அவன் பெங்களூருக்கு டெலிவரிக்குப் போயிருந்தான்; அதுதான் மெஷினில் ஏறப்போகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டுப் பிள்ளை என்பதால் சர்வரின் அட்மின் பாஸ்வேர்ட் அவனிடமும் இருந்தது. அதைக் கொடுக்காதீர்கள் என்றும் நான் கத்தியிருக்கிறேன்.

"நான்தான் கிளீன் பண்ணன். இப்ப இன்னா ஆச்சி?"

"இன்னா ஆச்சியா? ஏன்டா அத்த தூக்கின?"

"பின்னம், அதான்" என்றான், எனக்கு இது தெரியாதா என்கிற மாதிரி. "பூஜ அன்னிக்கு பட்டறையில பின்னமான உருவம் இருக்கக் கூடாது. மூக்கு போனது, கை போனது எல்லாத்தையும் வெளிய எடுத்துடுவோம், வருஷா வருஷம் செய்யறதுதான. மூலையில இருந்த களிமண்ணு கை வெடிச்சி நின்னுச்சி, தொட்டியில போட்டுட்டன். அப்புறம் கம்ப்யூட்டருக்கும் பூஜ போட்றோமே, உள்ள இன்னா கீதுன்னு பாத்தன். பாத்தா ஒரு பொம்பள, தலையில ஓட்ட, கை தனியா தொங்குது. அத்த வெச்சிகினு சாமி கும்பிட சொல்றியா?"

கல் பட்டறையில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை இது. அவன் முதலில் திறந்து பார்த்தது அதே ஃபோல்டரில் கிடந்த பழைய ஸ்கேனை. உடைந்த சிலையை உள்ளே வைக்கக் கூடாது என்பதை அவன் டிஸ்க் வரைக்கும் கொண்டுபோய்விட்டான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. காயத்ரிக்கு அந்தக் குழப்பம் இல்லை. தொட்டிப் பக்கம் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தாள்.

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நடந்தது நடந்துச்சி. நல்ல நேரம் போவுது. சரவணா, குடத்துக்காரிய ஏத்து."

பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. காயத்ரி திரும்பவே இல்லை.

"யாரும் எதையும் ஏத்த வேணா" என்றேன். "என்கிட்ட ஸ்னாப்ஷாட் கீது." கறுப்புத் திரையைத் திறந்து, இருக்கும் ஸ்னாப்ஷாட்களை எல்லாம் காட்டச் சொல்லி அடித்தேன். எப்போதும் திரை நிறைய ஓடும் வரிசை அது. சரவணகுமார் தொண்டையைச் செருமினான்.

"அத்தையும் அழிச்சிட்டன் சிநேகா."

நான் என்டர் தட்டவில்லை. திரும்பி அவனைப் பார்த்தேன்.

"அந்த ஃபோல்டர தூக்கியும் டிஸ்க்குல எடமே வரல. இன்னாடா இது, கழிச்ச பின்னம் உள்ளயே குந்திகினு கீதேன்னு பேஜாரா பூட்ச்சி. கூட்டாளிக்கு போன் போட்டு கேட்டன். ஸ்னாப்ஷாட் புடிச்சி வெச்சிருக்கும், அத்த அழிச்சாதான் போவும்னான். ஒண்ணொண்ணா அழிச்சன்." அவன் குரல் இறங்கிவிட்டது. "ஒண்ணு மட்டும் போவல. எத்தினி வாட்டி அடிச்சாலும் பிஸி பிஸின்னே வந்துச்சி. பூஜைக்கு கூப்ட்டாங்க, உட்டுட்டு பூட்டன்."

நான் சிரித்தேன். ஏதோ நாகரிகமாகச் சிரிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பாவம், இந்தப் பெண்ணுக்குக் கலங்கிவிட்டது என்று எதிர்ப் பட்டறைக்காரர் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது.

பிஸி என்றால் அதற்கு வேலை இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதன் மேல் என் பூட்டு இருக்கிறது என்று அர்த்தம். ஸ்னாப்ஷாட் எடுத்த கையோடு இன்னொரு வரி அடித்தால் அதைப் பிடித்துவைக்கலாம். அந்தப் பூட்டை எடுக்காமல் அட்மினே வந்தாலும் அழிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் நான் அப்படிச் செய்வதில்லை. பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் காயத்ரியின் கண்ணைப் பார்த்தேன், இதற்குப் பூட்டுப் போடாமல் வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. போட்டுவிட்டுத்தான் போனேன்.

என்டர் தட்டினேன். ஒரே ஒரு வரி வந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம்.

"காயத்ரி, இங்க வாடி!"

ஒரே கட்டளையில் மொத்தத் தொகுதியையும் அந்தச் சாயங்காலத்துக்குத் திருப்பிவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு வந்ததெல்லாம் போய்விடும். சரவணகுமார் எடுத்த பூஜைப் போட்டோக்கள் உட்பட. கோபத்தில் அப்படிச் செய்யத்தான் கை துறுதுறுத்தது. ஆனாலும் தொழில் என்று ஒன்று இருக்கிறதே. ஸ்னாப்ஷாட்டை ஓரமாகத் திறந்து, சந்தைச் சிலையை மட்டும் வெளியே எடுத்து அதன் பழைய இடத்தில் வைக்கச் சொன்னேன். பெரிய கோப்பு. நகர நகர, சார் கடிகாரத்தைப் பார்த்தார், பெண்கள் என் திரையைப் பார்த்தார்கள், சரவணகுமார் தரையைப் பார்த்தான். கடைசியில் காயத்ரி அதைத் திறந்தாள். ஸ்டூலில் கால் பரப்பி, கையைத் தூக்கி, வாயைத் திறந்தபடி மீன்காரி திரையில் வந்து உட்கார்ந்தாள். ஓட்டை இல்லை, தொங்கும் கை இல்லை. பெண்கள் கைதட்டினார்கள்.

சரவணகுமார் மட்டும் திரையை உற்றுப் பார்த்தான். "மாமா, இது கடசியா முடிச்சதுதான? இத்தையும் நேத்து பாத்தன். இதுவும் பின்னம்தான். அந்த தூக்குன கைய பாருங்க. ஒரு வெரலு மொட்டையா கீது."

சார் குனிந்து பார்த்தார். ஆள்காட்டி விரல் பாதியில் நின்றிருந்தது. அவர் முகம் மாறிவிட்டது. அழித்தது தப்பு என்பது வேறு, பின்னம் என்று கண்ணால் பார்த்த பிறகு விஜயதசமியில் அதைக் கல்லில் இறக்குவது வேறு. "இன்னாம்மா காயத்ரி, வெரல முடிக்கலியா?"

"முடிச்சிட்டன் சார்."

"அப்போ எங்க மீதி?"

காயத்ரி பெண்கள் நின்ற பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. கெட்டியாகப் பூட்டிவைத்து மீட்டது இப்படிக் கைநழுவிப் போகிறதே என்று பற்றிக்கொண்டு வந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சரோஜா அக்கா முன்னால் வந்தார். புடவைத் தலைப்புக்குள் இருந்த வலது கையை எடுத்துச் சாரின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"மீதி இங்கயும் இல்ல சார். வஞ்சிரம் வெட்டறப்போ அருவாமனையில பூட்ச்சி. மறுநாளே துணிய சுத்திகினு யாவாரத்துக்கு வந்தவ நானு. எல்லாரும் என்னாண்ட மீன பாத்தாங்க. இந்த பொண்ணு ஒருத்திதான் கைய பாத்துச்சி." பிறகு சரவணகுமார் பக்கம் திரும்பினார். "இன்னா நைனா, நானும் பின்னமா? என்னியும் தொட்டியில போட்டு கரச்சிட்றியா?"

அவன் ஓர் அடி பின்னால் போனான். சார் நீட்டிய கையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"சரவணா, கற்பூரத்த ஏத்து. காயத்ரி, நீயே வந்து அமுக்கும்மா."

வழக்கமாக அதை அமுக்குவது அவர்தான்; அதற்கு முன்பு அவர் அப்பா ஏற்றிய கல்லுக்கும் முதல் தேங்காய் உடைத்தது அந்த வீட்டு ஆண்கள்தான். காயத்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் பச்சைப் பட்டனை அமுக்கினாள். தண்ணீர் பீய்ச்சியது. கட்டர் இறங்கிக் கல்லைத் தொட்டது. அந்தச் சத்தம் காதைக் கிழிக்கும், எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அன்றைக்கு அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

சரவணகுமார் என் பக்கத்தில் வந்து நின்றான். "சாரி சிநேகா" என்றான், மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தி. அவன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன் என்று நானும் கத்திச் சொன்னேன். தலையை ஆட்டினான். பொரிப் பொட்டலம் ஒன்றை நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

கல்லின் உச்சியில் முதல் சில்லு தெறித்தது. அந்தக் கை வரப்போகிற இடம் அதுதான். சரோஜா அக்கா கண்ணாடித் தடுப்பில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு தன் பெண்களைத் திரும்பிப் பார்த்துக் குரலெடுத்தார்.

"பாத்துக்குங்கடி! இனிமே நான் செத்து சுடுகாட்டுக்கு போனாலும், சந்தையில எவனாலயும் வெலைய கொறச்சி கேக்க முடியாது!"

பெண்கள் விரலை மடித்து வாயில் வைத்து விசிலடித்தார்கள். எனக்கு விசிலடிக்க வராது. அன்றைக்கு அடித்தேன்.